பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன், காரணம் கண். என்ன செய்யலாம்?

பீளமேட்டுக்காரன்

எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய், இங்கே பலர் ஆர்பி என்றே சொல்வீர்கள். நேர்ப்பார்வை இன்னும் பரவாயில்லை, எக்செல்லில் எண்கள் படிக்கிறேன், காசோலையில் கையெழுத்துப் போடுகிறேன். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, இருட்டிவிட்டால் எதுவுமே தெரியாது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. வீட்டில் மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குப் பாதி தெரியும்.

தெரியாமல் பார்த்துக்கொள்வது தனி உத்தியோகம். ஸ்க்ரீனில் மவுஸ் அம்பு தொலைந்து போனால் கண்ட்ரோல் பட்டனை அழுத்துவேன், அம்பைச் சுற்றி வட்டம் வரும்படி செட்டிங்கில் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் ஸ்க்ரீன் பெரிசு, அதான் என்று சமாளிப்பேன். டீ கொண்டுவரும் அக்கா டம்ளரை எங்கே வைக்கிறார் என்பதைச் சத்தத்தை வைத்துப் பிடித்துக்கொள்வேன். மீட்டிங் என்றால் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு எல்லோருக்கும் பின்னால் எழுந்து வருவேன், நடுவில் எழுந்தால் நாற்காலிக் காலில் இடித்துக்கொள்வேன் என்று பயம். கை நீட்டியவர்களுக்குக் கை கொடுக்காமல் போய் தலைக்கனம் பிடித்தவன் என்ற பெயரும் உண்டு. கார்த்திகை, மார்கழியில் ஐந்தரைக்கே பையைத் தூக்கிவிடுவேன்.

மார்ச் மாதம் அப்படி ஓட முடியாதே. இயர் எண்டிங் சமயத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு விழுந்தேன். செக்யூரிட்டி அண்ணன்தான் தூக்கிவிட்டார். கொஞ்ச நாளில் காதில் விழுந்த பேச்சு: "சார் சாயங்காலம் ஆனா லேசா போட்டுக்குவார்போல." நான் பீர்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, அப்பாடா என்று இருந்தது. குடிப்பேன் என்று நினைக்கிறார்கள், நல்லது, அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் உறைக்கிறது, குடிகாரன் என்ற பெயர் எனக்குச் சம்மதம், கண் தெரியாதவன் என்ற பெயர் சம்மதம் இல்லை என்றால் நான் எங்கே வந்து நிற்கிறேன்?

இப்போது அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி தருகிறேன் என்கிறார்கள். சம்பளம் கூடும். ஆனால் சேலம், மதுரை, திருநெல்வேலி டீலர் கிடங்குகளுக்குப் போய் ஸ்டாக் ஆடிட் பார்க்க வேண்டும். கிடங்கு என்றால் வெளிச்சம் கம்மி, தரை முழுக்கப் பைப்பும் மோட்டார் பெட்டியும் கிடக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியூர் போக முடியாது என்று சொல்லி மறுத்துவிடலாம் என்று இருக்கிறேன். மெயில்கூட எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன்.

என் மனைவி திட்டுகிறாள். என் பக்கத்து நியாயம் இதுதான்: கண் சரியில்லாத ஒருவனை மேனேஜராக வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன தலையெழுத்து? நானே முதலாளியாக இருந்தால் வைப்பேனா என்று கேட்டுக்கொண்டால், வைக்க மாட்டேன் என்றுதான் பதில் வருகிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனால் 40 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், போகவில்லை. வெண்கோல் பேச்சை எடுத்தால் சென்னையில் படித்த காலத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் கோலைத் தட்டியபடி ஊக்கும் கடலை மிட்டாயும் விற்றுக்கொண்டு வந்தவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இருந்தும் அந்த வரிசையில் என்னை வைத்துப் பார்க்க மனசு வரவில்லை.

ஆபீஸில் சொல்லலாமா, இல்லை பேசாமல் மறுத்துவிடலாமா? வேலையில் இருந்துகொண்டே இதையெல்லாம் பார்த்தவர்கள் சொல்லுங்கள். தன்னம்பிக்கை இருந்தால் போதும் என்கிற மாதிரிப் பதில்கள் வேண்டாம், அது வாட்ஸப்பில் தினமும் காலையில் வந்துவிடுகிறது.

---

மவுஸ்_தொடாதவன்

ப்ரோ, அந்த மெயில் டிராஃப்டிலேயே கிடக்கட்டும்.

எனக்கு ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய். உங்களுக்கு நேர் எதிர், ஓரம் தெரியும், நடுவில் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேசினால் முகம் இருக்காது. ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் வெப்சைட்டுகளும் செயலிகளும் நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படுகிறதா என்று சோதிக்கும் வேலை. அதற்கு முன்னால் சாதாரண டெஸ்டிங் டீமில் இருந்தேன், அங்கே நானும் மறைத்துத்தான் வைத்திருந்தேன். விண்டோஸ் மேக்னிஃபையரை ஆன் செய்தால் பின்னால் நடப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று எழுத்தைப் பெரிதாக்காமல் மானிட்டருக்கு நாலு விரல்கடை தூரத்தில் மூக்கை வைத்துப் படிப்பேன். கழுத்து போச்சு. மற்றவர்கள் மதியத்தில் முடிப்பதை நான் சாயங்காலம் வரை இழுப்பேன், அதை ஈடுகட்ட வீட்டுக்குப் போய் ராத்திரி உட்கார்வேன். டீம் லீட் என்னைப் பற்றி எல்லோரிடமும் "செம ஹார்ட் ஒர்க்கர்" என்று சொல்வார். அதில் வேறு எனக்குப் பெருமை.

இதில் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம், ஏனென்றால் வெளியில் இருந்து பார்த்தால் இது நல்ல குணமாகத் தெரியும். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார், எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார், பதவிக்கு ஆசைப்பட மாட்டார். இத்தனை நல்ல பெயருக்கும் அடியில் இருப்பது "என்னை வேலையில் வைத்திருப்பதே பெரிய விஷயம், இதில் நான் கேட்க வேறு செய்யணுமா" என்கிற ஒரே நினைப்பு.

சரி, வேலைக்கு வருவோம். உங்களுக்கு நேர்ப்பார்வை இருக்கும்போதே, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைப் பழகிவிடுங்கள். கண் போன பிறகு படிப்பது இரண்டு கஷ்டத்தை ஒன்றாகச் சுமப்பது. இலவசம்தான், 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் ஆரம்பித்தது, அவருடைய நண்பர் ஜேம்ஸ் டே, அவருக்கும் பார்வை இல்லை, சேர்ந்துகொண்டார். எக்செல்லில் செல் செல்லாக வாசிக்கும். ஸ்கேன் செய்த பில் வெறும் படமாக இருந்தால் என்விடிஏ பட்டனோடு ஆர் சேர்த்து அழுத்துங்கள், அதில் உள்ள எழுத்தை எடுத்துப் படிக்கும். ஒரு காதில் இயர்போன் போட்டுக்கொண்டால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டுக் கேட்கிறீர்களா பேலன்ஸ் ஷீட் கேட்கிறீர்களா என்று தெரியாது. கம்பெனி லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்ய ஐடி ஆட்கள் அனுமதி வேண்டும், அதற்காவது ஒருவரிடம் வாயைத் திறக்க வேண்டிவரும். கேமராவில் நாம் காட்டுவதைத் தன்னார்வலர் பார்த்துச் சொல்லும் பி மை ஐஸ் மாதிரி செயலிகள் வீட்டில் மருந்து டப்பா படிக்க அருமை, ஆனால் கம்பெனி பில்லை முன்பின் தெரியாத தன்னார்வலருக்குக் காட்டாதீர்கள், அது வேறு வம்பு.

சொல்வது பற்றி. மேனேஜரைக் கூப்பிட்டு உட்காரவைத்து உங்கள் விழித்திரை வரலாறு முழுவதையும் சொல்லாதீர்கள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது, பயந்துவிடுவார், இல்லையென்றால் தெரிந்த ஆயுர்வேத டாக்டர் நம்பர் கொடுப்பார். எனக்கு அப்படி மூன்று நம்பர் கிடைத்தது. என்ன வேலை, அதில் எது தடுக்கிறது, எது இருந்தால் நடக்கும், அவ்வளவுதான் பேச்சு.

---

சாம்பிள்_செக்

எனக்குக் கண் பிரச்சினை எதுவும் இல்லை, தங்கை குறைப்பார்வை என்பதால் இங்கே வருகிறேன். நான் ஆடிட் தொழிலில் இருப்பவன், ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன்.

ஸ்டாக் ஆடிட்டில் அசிஸ்டென்ட் மேனேஜர் போய் ஒவ்வொரு மோட்டாரையும் குனிந்து எண்ணுவார் என்று யார் சொன்னது? எங்கள் வழக்கம் ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், அது ஜோடி வேலை. போகிறவர் அங்கங்கே சிலவற்றைத் தொட்டு எடுத்துச் சரிபார்ப்பார், புத்தகத்தில் உள்ள எண்ணுக்கும் தரையில் உள்ள எண்ணுக்கும் ஏன் வித்தியாசம் என்று டீலரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். எந்தச் சரக்கு திரும்பி வந்தது, எது பில் போட்டும் போகாமல் நிற்கிறது, எது பில் போடாமலே போய்விட்டது, இதைப் பிடிப்பதுதான் வேலை. அதற்குக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். பெரும்பாலும் பகலில்தான் நடக்கும், கிடங்கு ஆட்களுக்கும் வீடு இருக்கிறதல்லவா.

உங்கள் கம்பெனியில் எப்படி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதவியில் இப்போது இருப்பவரிடம் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டீர்களா? உங்கள் பதிவில் அது இல்லை.

---

வரலாறு_டீச்சர்

தம்பி, நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். திருநெல்வேலிப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். மறைக்க எனக்கு வழியே கிடையாது, கோல் என்னைவிட முந்தி வகுப்புக்குள்ளே நுழையும். அதனால் இந்த மனக்கோளாறு எனக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், எனக்கு அது வேறு மாதிரி வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூட நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அது மைதானத்துக்கு அந்தப் பக்கம், வழியில் சைக்கிள்களை இஷ்டத்துக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள், யாரையாவது துணைக்குக் கூப்பிட வேண்டும். சித்திரை வெயிலில் நாலு பீரியட் தொடர்ந்து பாடம் எடுத்துவிட்டு உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லவில்லை. மற்ற டீச்சர்களுக்குத் தொந்தரவு என்று நானாக எடுத்த முடிவு. சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்த பிறகு டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல எனக்கு அவ்வளவு கூச்சம். கடைசியில் அது தீர்ந்த விதம் ரொம்பச் சாதாரணம், சைக்கிளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தச் சொன்னேன், பிள்ளைகள் நிறுத்தினார்கள், தனியாகவே போய்வருகிறேன்.

அடுத்தது பொறுப்பு. தேர்வுக் கண்காணிப்பு டீச்சருக்கு வேண்டாம், கிளாஸ் டீச்சர் வேண்டாம், சுற்றுலாவுக்கு வர வேண்டாம், பாவம். தலைமையாசிரியர் நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். வருஷம் போகப் போகத்தான் புரிந்தது, ஸ்டாஃப் ரூமில் எந்தப் பேச்சிலும் என் கருத்தை யாரும் கேட்பதில்லை. பொறுப்பு இல்லாத ஆளிடம் எதைக் கேட்பது? சம்பளம் எல்லோருக்கும் சமம், ஆனால் நான் விருந்தாளி.

கிளாஸ் டீச்சர் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். வருகைப்பதிவு செயலியில், போன் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் சில இடங்களில் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும், எது சேமிக்கும் பட்டன் என்று எண்ணி வைத்துக்கொண்டேன். முதல் வாரம் பயல்கள் வராதவனுக்குப் பதிலாக "உள்ளேன் டீச்சர்" சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் குரல் இரண்டு பெஞ்சு முன்னால் இருக்கிற குரல் என்று பெயரோடு சொன்னதும் நின்றுவிட்டது.

தம்பி அந்த ரயில் வியாபாரிகளைப் பற்றி எழுதியிருந்ததற்கு ஒன்று சொல்லணும். என்னைப் போலவே பார்வை இல்லாத பெனோ ஜெஃபைன் 2015-ல் வெளியுறவுப் பணியில் (ஐ.எஃப்.எஸ்.) சேர்ந்தபோதும், அதே மாதிரி மதுரை பூரண சுந்தரி சிவில் சர்வீஸில் 286-வது இடத்தில் வந்த செய்தி 2020-ல் வந்தபோதும், ஸ்டாஃப் ரூமில் எனக்குத்தான் பேப்பரை வாசித்துக் காட்டினார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்வேனா. கூடவே ஒரு கேள்வி வரும், "நீங்களும் எழுதியிருக்கலாமே டீச்சர்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கணக்கு வாத்தியாரிடம் அவர் ஏன் கலெக்டர் ஆகவில்லை என்று யாராவது கேட்கிறார்களா? எங்களைப் பற்றி ஜனங்கள் மனதில் இருப்பது இரண்டே படம், ஒன்று ஐ.எஃப்.எஸ்., இல்லாவிட்டால் ரயிலில் ஊக்கு. நடுவில் வேலைக்குப் போய், வீட்டுக் கடன் கட்டி, பஞ்சப்படி எப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான பேர் யார் கண்ணிலும் படுவதில்லை. தம்பியும் அந்த இரண்டு படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள், முதலாவது எட்டாது, இரண்டாவது பிடிக்காது, அதனால் மூன்றாவதாக ஒளிந்துகொள்கிறீர்கள்.

---

ஒருதடவை_சொன்னவன்

எல்லோரும் மனசு மனசு என்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

நான் சொன்னேன். கிளாக்கோமாவில் ஒரு கண் போய் இன்னொன்று பாதியானபோது தனியார் கம்பெனி ஒன்றில் இருந்தேன், ஹெச்ஆரிடம் நேரில் போய்ச் சொன்னேன். தைரியசாலி என்றார்கள், கைகூடத் தட்டினார்கள். அடுத்த மாதத்தில் இருந்து ஃபைல் ஒவ்வொன்றாக வேறு ஆளுக்குப் போனது, "நீங்க ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க சார்." வருஷக் கடைசியில் அப்ரைசலில் கொடுத்த காரணம் என்ன தெரியுமா, கையாண்ட ஃபைல்கள் குறைவு. இதற்குப் பேர் என் மனசில் இருக்கும் தாழ்வு மனப்பான்மையா? பீளமேட்டுக்காரர் பயப்படுவது கற்பனை இல்லை.

அதனால் சொல்வதற்கு முன்னால் காகிதம். முதலில் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடியும். கையில் அது இல்லாமல் நீங்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. அப்புறம் எதைக் கேட்டாலும் மெயிலில் கேளுங்கள், நேரில் பேசினாலும் "இன்று பேசியபடி" என்று ஒரு வரி அனுப்பிவையுங்கள்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-வது பிரிவு, வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்தப் பணி முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி, அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது. அருமையான பிரிவு. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. உங்கள் பம்ப் கம்பெனிக்கு 21-வது பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டிய கடமை உண்டு, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் என்றால் அதில் என்னென்ன வசதி தருவார்கள் என்பதும் இருக்க வேண்டும். ஹெச்ஆரிடம் அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, நீங்கள் கேட்டபிறகுதான் தேடுவார்கள். அவர்கள் தேடும் விதத்திலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் இப்போது ஒரு பொதுத்துறை வங்கியில் இருக்கிறேன், பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான 1 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்தேன். எழுதிப் பாஸ் பண்ணி, இன்டர்வியூவும் முடித்துத்தான் வந்தேன். ஆனால் கவுன்டரில் யாராவது "கோட்டாவா சார்" என்று கேட்டால் இன்றைக்கும் அரை நொடி குரல் உள்ளே போய்விடும். அது மட்டும் ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

---

வெளிச்சத்துக்கு_வெளியே

மேலே உள்ளவரின் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். நான் மனநல ஆலோசகர், எனக்கும் குறைப்பார்வை.

பாட்ரிக் காரிகன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனநோய் உள்ளவர்களை வைத்து, ஊரின் இளக்காரத்தை நாமே உள்ளே வாங்கிக்கொள்ளும் இந்த விஷயத்தை ஆராய்ந்தார். அவர் சொல்வது படிப்படியாக நடக்கிற ஒரு விஷயம். ஊர் என்னைப் போன்றவர்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிவது முதல் படி. அது சரிதான் என்று நானும் ஒப்புக்கொள்வது அடுத்தது. அப்படியென்றால் நானும் அப்படித்தான் என்று எனக்கே பொருத்திக்கொள்வது மூன்றாவது. அதனால் தன்மதிப்பு அடிபடுவது கடைசி, அங்கிருந்துதான் முயற்சியையே விடுவது வருகிறது, முயன்று என்ன ஆகப்போகிறது என்ற இடம். முதல் படி எல்லோருக்கும் உண்டு, அதில் இருந்து யாருக்கும் விலக்கு இல்லை. கவுன்டரில் அந்தக் கேள்வி வரும்போது உங்கள் குரல் உள்ளே போவது அந்த முதல் படி, அவ்வளவுதான், நீங்கள் அதற்கு மேல் ஏறவில்லை. ஏறியிருந்தால் பரீட்சை எழுதியிருக்க மாட்டீர்கள்.

பீளமேட்டுக்காரருக்கு வருகிறேன். டீச்சருக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர் ஊரின் நினைப்பை வெளியில் இருந்து, வீட்டிலும் பள்ளியிலும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார், வழியில் தன்னைப் போன்ற நாலு பேரையும் பார்த்துவிடுகிறார். பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் ஹாஸ்டலில் சீனியர்கள் எதையெல்லாம் செய்துகாட்டினார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். நடுவயதில் பார்வை குறைபவருக்கு அந்த சீனியர்கள் கிடையாது. அவர் இத்தனை வருஷம் பார்வையுள்ளவராக இருந்து பார்வையற்றவர்களைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தார், இப்போது அதையே தன்மேல் திருப்பிக்கொள்கிறார். "நான் முதலாளியாக இருந்தால் வைப்பேனா" என்று நீங்கள் கேட்டதில் பேசுவது உங்கள் முதலாளி இல்லை, முன்பு நன்றாகப் பார்வை தெரிந்த நீங்கள். அந்த ஆளுக்கு என்விடிஏ என்றால் என்ன என்றே தெரியாது, ஒரு பார்வையற்ற கணக்காளரோடு பழகியதும் கிடையாது. அவரிடம் போய் வேலைவாய்ப்பு ஆலோசனை கேட்டால் எப்படி?

ஒருதடவை_சொன்னவன் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. வெளியே பாகுபாடு இருக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லித்தான் பார்வையற்றவர்களை நீதிபதி பணிக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்று தடுத்த மத்தியப் பிரதேச விதி போனது. அத்தனை பெரிய இடத்திலேயே அப்படி என்றால் மற்ற இடங்களைக் கேட்கவா வேண்டும். ஆனால் வெளியே உள்ள பாகுபாட்டை மெயில் போட்டு, மனு போட்டு, வழக்குப் போட்டு எதிர்க்கலாம். நீங்களே பதவியை மறுத்து மெயில் அனுப்பிவிட்டால் எதிர்க்க அங்கே யாருமே இருக்க மாட்டார்கள், கோப்பில் அம்மாவின் உடல்நிலை மட்டும் இருக்கும்.

---

மவுஸ்_தொடாதவன்

நாலு படி எல்லாம் நன்றாக இருக்கிறது மேடம், ஆனால் மனுஷனுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் போகணும். நான் ஒன்று சேர்க்கிறேன். எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதலில் பக்கத்து சீட்டுக்காரர், அப்புறம் ஐடி ஆள், அப்புறம் மேனேஜர் என்று போகலாம். ஹெச்ஆர் கடைசி. காகிதம் தயாரான பிறகு.

---

பீளமேட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பதில்களை வரிசையாகப் படித்துவிட்டு ஒரு வாரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சாம்பிள்_செக் கேட்டது சரி, அந்த வேலையில் என்னென்ன இருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவே இல்லை. கிடங்கு, இருட்டு, பைப் என்று நானே படம் போட்டுக்கொண்டேன். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், அவரோடு கேன்டீனில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். எண்ணுவது டீலர் ஆட்களும் நம் டெப்போ பையனும்தான், இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரிஜிஸ்டர் பார்ப்பாராம். அவருக்கு இருந்த ஒரே புகார் திருநெல்வேலி வெயில். திரும்பி வரும் பயணம்தான் எனக்குச் சிக்கல், ராத்திரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் அந்த இடம்.

ஆபீஸில் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. மெயிலை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. யோசிக்க மாதக் கடைசி வரை நேரம் கேட்டிருக்கிறேன், கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் போக விடுப்பு எழுதிக் கொடுத்தேன், காரணம் என்ற இடத்தில் முதல் தடவையாக "கண் பரிசோதனை" என்று எழுதினேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

டீச்சருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு கேள்வி. ராத்திரிக்கு மட்டும் கோல் எடுக்கலாமா? பகலில் போனில் மெசேஜ் படிக்கிற நான் ராத்திரி கோலைத் தட்டிக்கொண்டு போனால் நடிக்கிறான் என்று சொல்ல மாட்டார்களா?

---

வரலாறு_டீச்சர்

சொல்வார்கள் தம்பி. கோலும் வைத்திருக்கிறான், போனும் பார்க்கிறான், என்ன நாடகம் என்று காதுபடவே சொல்வார்கள். என் தோழி ஒருத்திக்கு உங்களைப் போலத்தான், ஆர்பி. பஸ்ஸில் அவள் செல்போனைப் பார்ப்பதைக் கண்டு ஒருவர் சீட்டை விட்டு எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார். அவள் "எனக்கு நேராகத் தெரியும், கீழேயும் ஓரத்திலும் தெரியாது, ராத்திரி சுத்தமாகத் தெரியாது" என்று ஒரே மூச்சில் மனப்பாடமாகச் சொல்வாள், கேட்பவர் அதற்கு மேல் பேச மாட்டார். நீங்களும் அப்படி ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு மட்டும் எடுப்பது தாராளமாகச் செய்யலாம், நிறைய ஆர்பி ஆட்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். மடக்குக் கோல் வாங்குங்கள், நாலாக மடித்தால் லேப்டாப் பைக்குள்ளே போய்விடும். நேராக நிற்கும்போது நிறுத்திவைத்தால் நெஞ்செலும்புக்கு வர வேண்டும், கடையில் கிடைப்பது பாதிக்கு மேல் குட்டையாக இருக்கும், அளந்து வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சான்றிதழோடு போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாங்கியதும் தானாக வந்துவிடாது, யாரிடமாவது பயிற்சி எடுங்கள். மதுரை அரவிந்தில், சென்னை சங்கர நேத்ராலயாவில் குறைப்பார்வைப் பிரிவு இருக்கிறது, யாரிடம் கற்கலாம் என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். பகலில் பழகும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு பழகச் சொல்வார்கள், வெட்கப்படாமல் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண் பார்த்துவிட்டுக் கையைச் சும்மா விட்டுவிடும். மடக்குக் கோலின் உள்ளே ஓடுகிற எலாஸ்டிக் ஒன்றிரண்டு வருஷத்தில் தளர்ந்துவிடும், கூடவே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.